நெறி ஏன் கட்டுகிறது?

காலில் குத்திய முள்ளைச் சரியாக எடுக்காமல் விட்டுப் புண் பழுத்துவிட்டால், இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். தொட்டால் வலிக்கும். கையில் புண் என்றால் அக்குளில் வரும். தொண்டையிலோ பல்லிலோ சீழ் வைத்தால் தாடைக்கு அடியில் வரும். 'நெறி கட்டியிருக்கு' என்று வீட்டுப் பெரியவர்கள் தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் புண் ஓரிடத்தில் இருக்க, வீக்கம் முழக்கணக்கில் தள்ளிப் போய் ஏன் வருகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நோய் எதிர்ப்பு அணுக்கள் உடலில் எங்கெங்கே, எதற்காக வைக்கப்பட்டிருக்கின்றன என்ற முழு வரைபடமும் கைக்கு வந்துவிடும்.

நெறி என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. சொல்லாராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது. நெறி கட்டும் இடங்கள் எல்லாமே ஒரு நீர்வழியின் மேல் அமைந்த நிறுத்தங்கள்.

நோய் எதிர்ப்பு என்றாலே படை, போர், எதிரி என்று எழுதுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த உவமையில் ஒரு மனக்குறை உண்டு. படைவீரன் எந்த எதிரி வந்தாலும் சுடலாம். லிம்போசைட் என்ற வெள்ளையணுவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. டி அணுவோ பி அணுவோ, ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஒரே வகை ஏற்பியைத்தான் சுமக்கிறது. அந்த ஏற்பியில் வந்து பொருந்துகிற துண்டைத் தவிர வேறெதுவும் அதன் கண்ணில் படாது. ஏதோ ஒரு வைரஸின் ஏதோ ஒரு புரதத் துண்டை எடுத்துக்கொண்டால், இதுவரை எந்தக் கிருமியையும் பார்த்திராத டி அணுக்களில் அதை அறியக்கூடியவை லட்சத்துக்கு ஒன்றோ, பத்து லட்சத்துக்கு ஒன்றோதான் இருக்கும். கால் விரல் நுனியில் நுழைந்த கிருமியையும், உடலில் எங்கோ திரிந்துகொண்டிருக்கும் அந்த ஓர் அணுவையும் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்துவது யார்? சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான். தொலைந்தவரைத் தெருத் தெருவாகத் தேடி அலைவதைவிட, எல்லாரும் வந்து போகிற சந்தையில் நின்று பார்ப்பது புத்திசாலித்தனம். உடல் அதைத்தான் செய்கிறது. நெறியாக வீங்குகிற நிணநீர் முடிச்சு, மண்ணீரல், டான்சில் எல்லாம் அப்படிப்பட்ட சந்தைகள்.

எங்கே எத்தனை

2023இல் ஓர் ஆய்வுக் குழு, ஒரு வளர்ந்த மனிதரின் உடலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் மொத்தம் எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்தது. ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி அணுக்கள், எடை 1.2 கிலோ என்று விடை வந்தது. எண்ணிக்கையில் ஐந்தில் இரண்டு பங்கு லிம்போசைட்டுகள். அவை பெரும்பாலும் நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் இருக்கின்றன. இன்னோர் ஐந்தில் இரண்டு பங்கு, கிருமிகளை விழுங்கும் வேறொரு வகை வெள்ளையணுவான நியூட்ரோஃபில்கள். அவை பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலேயே கிடங்குச் சரக்காகக் காத்திருக்கின்றன. மேக்ரோஃபேஜ் என்ற பெருந்தின்னி அணுக்கள் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒவ்வொன்றும் உருவத்தில் பெரியது என்பதால், எடையில் பாதி அவற்றுடையது. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் 70 சதவீதம் குடலில்தான் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வாசகம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. குடலின் முக்கியத்துவம் வேறு விதமானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னோர் எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உடலில் உள்ள லிம்போசைட்டுகளில் எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருப்பவை சுமார் 2 சதவீதம் மட்டுமே. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்து வெள்ளையணு எண்ணிக்கை பார்க்கும்போது, வீட்டில் இருப்பவர்களை நாம் எண்ணுவதில்லை. சாலையில் போகிறவர்களை மட்டும் எண்ணுகிறோம்.

பிறந்த வீடும் படித்த பள்ளியும்

எல்லா ரத்த அணுக்களுக்கும் தாய்வீடு எலும்பு மஜ்ஜை. நியூட்ரோஃபில்கள் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் கோடி என்ற கணக்கில் அங்கே பிறக்கின்றன. பி அணுக்களும் அங்கேயே பிறந்து, அடிப்படைப் பயிற்சியையும் அங்கேயே முடித்துக்கொண்டு வெளியேறுகின்றன. டி அணுக்கள் மட்டும் இளம்பருவத்திலேயே கிளம்பி, மார்பெலும்புக்குப் பின்னால் இதயத்துக்கு மேலே இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போகின்றன. மஜ்ஜையையும் தைமஸையும் முதன்மை நிண உறுப்புகள் என்கிறார்கள். கிருமியோடு இங்கே யாருக்கும் வேலையில்லை. அணுக்களை உருவாக்குவதும் தேர்வு வைப்பதும்தான் இங்கே நடப்பவை.

தைமஸில் நடக்கும் தேர்வு கொடூரமானது. ஏற்பிகள் குருட்டாம்போக்கில் மரபணுத் துண்டுகளைக் கலைத்து அடுக்கி உருவாக்கப்படுகின்றன. அதனால் பாதிக்கு மேல் உதவாதவையாக இருக்கும், சில ஆபத்தானவையாகவும் இருக்கும். தைமஸின் வெளிப்பகுதியில் முதல் கேள்வி: மற்ற அணுக்கள் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் தட்டை உன்னால் பிடித்துப் பார்க்கவாவது முடிகிறதா? முடியாதவை மடியும். உட்பகுதியில் இரண்டாவது கேள்வி: உடலின் சொந்தப் புரதத்தைப் பார்த்து ஆவேசப்படுகிறாயா? ஆவேசப்படுபவை மடியும், அல்லது அடக்கும் வேலைக்கு மாற்றப்படும். நுழைகிறவற்றில் நூற்றுக்கு 95க்கும் மேல் உயிரோடு வெளியே வருவதில்லை.

இரண்டாவது தேர்வுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இன்சுலின் கணையத்தில் சுரப்பது. தைமஸுக்குள்ளேயே வளரும் டி அணு இன்சுலினை எங்கே பார்த்திருக்கும்? இதற்குத் தைமஸ் வைத்திருக்கும் ஏற்பாடு, இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த விஷயம். உட்பகுதியில் உள்ள சில அணுக்கள் 'ஏர்' என்ற மரபணுவின் உதவியால், கணையம், தைராய்டு, கண் என்று உடலின் வெவ்வேறு உறுப்புகளுக்கே உரிய ஆயிரக்கணக்கான புரதங்களைத் துளித்துளியாகத் தாமே தயாரித்துக் காட்டுகின்றன. முழு உடலுக்கும் ஒரு மாதிரிக் கண்காட்சி. அந்த மரபணு பழுதாகப் பிறந்தவர்களுக்கு, பல சுரப்பிகளைத் தன் அணுக்களே தாக்கும் நோய் வருகிறது.

இவ்வளவு வேலை செய்யும் உறுப்பை மருத்துவ உலகம் வெகுகாலம் வேண்டாத சதை என்றே நினைத்திருந்தது. அதைவிட மோசமாகவும் நினைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காரணம் தெரியாமல் திடீரென இறந்த குழந்தைகளின் தைமஸ் 'பெருத்து' இருக்கிறது என்று கண்டு, அதுவே மூச்சை அடைத்துக் கொன்றது என்று முடிவு கட்டினார்கள். உண்மையில் அந்தக் குழந்தைகளின் தைமஸ்தான் இயல்பான அளவு. ஒப்பிட வைத்திருந்த மற்றப் பிண ஆய்வுகளில் பெரும்பாலானவை, நீண்ட நோயிலும் பட்டினியிலும் கிடந்து இறந்தவர்களுடையவை. அப்படிப்பட்ட அழுத்தத்தில் தைமஸ் சுருங்கிவிடும். சுருங்கியதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஆரோக்கியமான குழந்தைகளின் மார்பில் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கினார்கள். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த உடனே தைமஸ் நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் வளர்ந்தபின் தொற்றுகளுக்கு எளிதில் பலியாவதையும், வேற்று எலியின் தோலை ஒட்டினாலும் அதை நிராகரிக்காமல் ஏற்றுக்கொள்வதையும் எழுதினார். அதன் பிறகுதான் தைமஸுக்கு மரியாதை வந்தது. டி அணு என்ற பெயரில் உள்ள 'டி' தைமஸின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. பருவ வயதுக்குப் பிறகு தைமஸ் மெல்லக் கொழுப்பாக மாறிவிடுவதால், பெரியவர்களுக்கு அது தேவையே இல்லை என்ற எண்ணம் மட்டும் நீடித்தது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சையின்போது தைமஸ் நீக்கப்பட்ட பெரியவர்களில் ஐந்தாண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம், நீக்கப்படாத ஒப்பீட்டுக் குழுவில் 2.8 சதவீதம். வேண்டாத சதை என்று எதையும் சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்கலாம்.

பி அணுவின் பெயர்க்கதை இன்னும் சுவாரசியம். பறவைகளின் கழிவாய்க்கு அருகே ஒரு சிறு பை உண்டு. இத்தாலிய உடற்கூற்றியலாளர் ஃபேப்ரிசியஸின் பெயரால் அது ஃபேப்ரிசியஸ் பர்சா எனப்படுகிறது. அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் அதன் பயன் என்ன என்று பார்க்கச் சில கோழிகளில் அதை வெட்டி எடுத்திருந்தார். திமோதி சாங் என்ற சக மாணவர், கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருள் உருவாவதை வகுப்பில் செய்துகாட்டக் கோழிகள் வேண்டும் என்று அவற்றை வாங்கிப் போனார். பர்சா இல்லாத கோழிகளில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. செய்முறை வகுப்பு கெட்டது, கண்டுபிடிப்பு பிறந்தது. புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்று அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட, 1956இல் அது கோழி வளர்ப்பு அறிவியலுக்கான இதழில் வெளியானது. அந்தப் பர்சாவின் முதலெழுத்துதான் பி அணுவின் 'பி'. பாலூட்டிகளுக்குப் பர்சா கிடையாது. நமக்கு அந்த வேலையைச் செய்யும் எலும்பு மஜ்ஜையின் ஆங்கிலப் பெயரும் அதே எழுத்தில் தொடங்கியது வெறும் அதிர்ஷ்டம்.

நீர்வழி

ரத்தம் நுண்குழாய்களில் ஓடும்போது அதன் நீர்ப்பகுதி கொஞ்சம் கசிந்து திசுக்களுக்குள் போகிறது. திரும்ப ரத்தக் குழாய்க்குள் சேராமல் மிஞ்சும் நீரை வடித்துக்கொண்டு போக, முனை மூடிய நுண்ணிய குழாய்கள் தோலிலிருந்து குடல்வரை பரவியிருக்கின்றன. அதில் ஓடுவது நிணநீர். நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் இப்படித் திரும்புகிறது. இதற்கென்று தனி இதயம் இல்லை. குழாய்ச் சுவர்கள் தாமே சுருங்குவதும், நாம் நடக்கும்போது தசைகள் அழுத்துவதும், உள்ளே இருக்கும் ஒருவழிக் கதவுகளும்தான் அதை மேலே ஏற்றுகின்றன. கால்கள், வயிறு, உடலின் இடப்பக்கம் முழுவதும் வடிந்த நிணநீர் மார்புக்குள் ஏறும் ஒரு நாளத்தில் சேர்ந்து, இடது காறையெலும்புக்குப் பின்னால் சிரையில் கலக்கிறது. வலது கை, வலது மார்பு, தலையின் வலப்பக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் வலப்பக்கத்தில் தனியே ஒரு சிறு நாளம்.

நிணம் என்றால் பழந்தமிழில் கொழுப்பு. இந்த நீருக்கு நிணநீர் என்று பெயரிட்டவர் எதை நினைத்தாரோ, குடலைப் பொறுத்தவரை அது அட்சரசுத்தமான பெயர். உண்ட உணவின் கொழுப்பு ரத்தத்துக்கு நேரே போகாமல் நிணநீர்க் குழாய் வழியாகத்தான் போகிறது. 1622இல் காஸ்பரே அசெல்லி என்ற இத்தாலிய மருத்துவர், சற்றுமுன் உணவுண்ட நாய் ஒன்றின் வயிற்றைத் திறந்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் பால் நிறக் கோடுகள் ஓடுவதைக் கண்டார். பட்டினி கிடந்த நாயாக இருந்திருந்தால் அவர் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

மார்பு நாளத்தின் வழியே ரத்தத்தில் கொட்டும் லிம்போசைட்டுகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. ரத்தத்தில் உள்ள மொத்த லிம்போசைட்டுகளை ஒரே நாளில் பலமுறை மாற்றிவிடும் அளவுக்கு அவை வந்து சேர்கின்றன. ஆனால் ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை கூடுவதில்லை. எங்கே போகின்றன? சில மணி நேரத்தில் செத்துவிடும் அற்ப ஆயுள் அணுக்கள் என்றே பலர் நம்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ், எலிகளின் மார்பு நாளத்தில் வடிகுழாய் வைத்து லிம்போசைட்டுகளைத் தொடர்ந்து வெளியேற்றினார். சில நாளில் வரத்து வற்றிப்போனது. வெளியே எடுத்தவற்றைத் திரும்ப ரத்தத்தில் செலுத்தினால் வரத்து குறையவில்லை. கதிரியக்க அடையாளமிட்டுத் தொடர்ந்தபோது விடை தெரிந்தது: அவை ரத்தத்திலிருந்து நிணநீர் முடிச்சுக்குள் நுழைந்து, நிணநீர் வழியாக மறுபடி ரத்தத்துக்கு வந்து, மறுபடி முடிச்சுக்குப் போகின்றன. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த இந்தச் சோதனைகள்தான், நான் மேலே சொன்ன சந்தைக் கதைக்கு அடித்தளம். ஒரு லிம்போசைட் ரத்தத்தில் சராசரியாக அரை மணி நேரம் இருக்கும். ஒரு முடிச்சுக்குள் அரை நாளோ ஒரு நாளோ தங்கித் தேடும். தேடியது கிடைக்கவில்லை என்றால் அடுத்த முடிச்சு.

முடிச்சுக்குள்ளே

உடலில் இப்படி ஐந்நூறு, அறுநூறு நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. சாதாரண நாளில் பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தவை, அவரை விதை வடிவம். குவிந்த பக்கத்தில் பல குழாய்கள் நிணநீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. குழிந்த பக்கத்தில் ஒன்றிரண்டு குழாய்கள் வெளியே எடுத்துச் செல்கின்றன. உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது உறைக்கு அடியில் உள்ள ஒரு வாய்க்கால். அதன் ஓரத்தில் மேக்ரோஃபேஜ்கள் உட்கார்ந்து, வந்த நீரிலிருந்து கிருமிகளைப் பொறுக்கி எடுக்கின்றன. அதற்கு உள்ளே வெளிவட்டத்தில் பி அணுக்கள் உருண்டைக் கொத்துகளாக. அதையும் தாண்டி நடுப்பகுதியில் டி அணுக்கள். மையத்தில், வெளியேறும் வாசலை ஒட்டி, எதிர்ப்பொருளைச் சுரந்து தள்ளும் பிளாஸ்மா அணுக்களும் இன்னும் சில மேக்ரோஃபேஜ்களும்.

இந்த அறை பிரிப்புக்குச் சுவர் எதுவும் கிடையாது. வாசனை மாதிரி சில வேதிப்பொருள்கள்தான் பிரிக்கின்றன. நடுப்பகுதியில் வலைபோல் பின்னியிருக்கும் நார் அணுக்கள் ஒரு வகை வாசனையை வெளியிடுகின்றன. டி அணுவிடம் அதை நுகரும் சிசிஆர்7 என்ற ஏற்பி இருக்கிறது. பி அணுவிடம் வேறொரு ஏற்பி, அது வேறு வாசனையைத் தேடி வெளிவட்டத்துக்குப் போகிறது.

இனி, கால் விரலில் நுழைந்த கிருமிக்கு வருவோம். தோலுக்கு அடியில் டென்ட்ரிடிக் அணுக்கள் கிளைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் இவற்றை முதலில் விவரித்தார்கள். ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது பரிசுக் குழுவுக்கே தெரியாது. கிருமியை விழுங்கிய டென்ட்ரிடிக் அணு தோலில் தன் பிடியை விட்டுவிட்டு நிணநீர்க் குழாய்க்குள் இறங்குகிறது. கூடவே ஒரு புதிய ஏற்பியை அணிந்துகொள்கிறது. அது வேறு எதுவும் இல்லை, டி அணு வைத்திருக்கும் அதே சிசிஆர்7. செய்தி கொண்டுவருபவரும் செய்திக்காகக் காத்திருப்பவரும் ஒரே வாசனையைப் பிடித்துக்கொண்டு வருவதால், இருவரும் ஒரே அறையில் வந்து நிற்கிறார்கள். வந்த பாதைதான் வேறு. டென்ட்ரிடிக் அணு நிணநீரோடு வருகிறது. டி அணு ரத்தத்திலிருந்து, முடிச்சு போன்ற நிண உறுப்புகளில் காணப்படும் தடித்த சுவருள்ள ஒரு வகைச் சிறு சிரையில் உருண்டு, ஒட்டி, சுவரில் நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது.

2002இல், உயிருள்ள திசுவுக்குள் ஆழமாகப் பார்க்கும் இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கிகள் எலியின் நிணநீர் முடிச்சை முதன்முதலாகப் படமெடுத்தன. அதுவரை பாடநூல் படங்களில் அசையாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்த டி அணுக்கள், நிமிடத்துக்குப் பத்து மைக்ரான் சுமாராக, வலை நார்களைப் பிடித்தபடி இடைவிடாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. நீட்டிய கிளைகளோடு நிற்கும் ஒரு டென்ட்ரிடிக் அணுவை ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான, சில மதிப்பீடுகளின்படி ஆயிரக்கணக்கான டி அணுக்கள் உரசிப் பார்த்துவிட்டுப் போகின்றன. லட்சத்தில் ஒன்றைத் தேடுவது இப்போது நடக்கக்கூடிய காரியமாகிவிடுகிறது. பொருந்திய ஏற்பியோடு ஒரு டி அணு வந்தால், அது ஊர்வதை நிறுத்தி மணிக்கணக்கில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு பெருகத் தொடங்குகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒரு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கில்.

பக்கத்து அறையில் அதே கிருமியை அறிந்த பி அணுவும் விழித்திருக்கும். அது டி அணுக்களின் எல்லைக்கு நகரும், உதவி செய்யும் டி அணு பி அணுக்களின் எல்லைக்கு நகரும். இரண்டும் எல்லைக் கோட்டில் சந்தித்துப் பேசி முடித்ததும், உருண்டைக் கொத்துக்குள் முளைமையம் என்ற ஒரு பட்டறை திறக்கிறது. அதன் இருண்ட பகுதியில் பி அணுக்கள் வேகமாகப் பெருகிக்கொண்டே, எதிர்ப்பொருளை எழுதும் மரபணுவில் மட்டும், வழக்கத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் பிழைகளைப் புகுத்துகின்றன. வேண்டுமென்றே செய்யும் எழுத்துப்பிழை. பிறகு வெளிறிய பகுதிக்கு வந்து, அங்கே பிடித்து வைக்கப்பட்டிருக்கும் கிருமித் துண்டை யார் இறுக்கமாகப் பற்றுகிறார்கள் என்று போட்டி. நன்றாகப் பற்றியவை மறுபடி இருண்ட பகுதிக்கு அனுப்பப்படும், மற்றவை மடியும். இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதால்தான் தடுப்பூசி போட்டுச் சில வாரங்களில் எதிர்ப்பொருளின் தரம் ஏறிக்கொண்டே போகிறது. கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டவர்களின் அக்குள் முடிச்சில் ஊசியால் மாதிரி எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, இரண்டாம் தவணைக்கு 12 வாரம் கழித்தும் இந்தப் பட்டறை மூடப்படவில்லை என்று 2021இல் காட்டியது. கையில் ஊசி போட, அக்குளில் நெறி கட்டியதைப் பலர் அப்போது கவனித்திருப்பார்கள்.

பட்டறையிலிருந்து தேறிய பிளாஸ்மா அணுக்களில் நீண்ட ஆயுள் பெற்றவை திரும்ப எலும்பு மஜ்ஜைக்குப் போய்க் குடியேறுகின்றன. நினைவு பி அணுக்கள் வேறு வகை, அவை சுற்றிக்கொண்டே இருக்கும். 1918ஆம் ஆண்டு இன்ஃப்ளுயன்சா காலத்தில் வாழ்ந்தவர்களின் ரத்தத்தில், ஏறத்தாழ 90 ஆண்டு கழித்தும் அந்த வைரஸை அறியும் பி அணுக்கள் இருந்ததை 2008இல் கண்டார்கள்.

இப்போது நெறிக்கு வரலாம். முடிச்சு வீங்குவதற்கு, அணுக்கள் பெருகுவது ஒரு காரணம்தான், அதுவும் முதல் காரணம் இல்லை. முதலில் நடப்பது கதவடைப்பு. லிம்போசைட்டுகள் முடிச்சைவிட்டு வெளியேற, ரத்தத்திலும் நிணநீரிலும் மிகுந்திருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறை நுகரும் ஏற்பி வேண்டும். தொற்றுச் செய்தி வந்ததும் அந்த ஏற்பி உள்ளிழுக்கப்படுகிறது. உள்ளே வந்தவை வெளியே போவதில்லை. அதே நேரம் முடிச்சுக்கு ரத்த வரத்து கூடுகிறது, வருகிறவை குறையவில்லை. இவ்வளவு கூட்டத்துக்கு இடம் வேண்டுமே என்று கேட்டால், வந்து சேரும் டென்ட்ரிடிக் அணுக்களே அதற்கும் வழி செய்கின்றன. அவை தொட்டதும், இறுக்கமாகப் பின்னியிருந்த நார் அணுக்களின் வலை தளர்ந்து கொடுக்கிறது. முடிச்சு விரிகிறது, உறை இழுபடுகிறது, வலிக்கிறது. வீக்கம் கெட்ட அறிகுறி என்று பொதுவாக நினைக்கிறோம். நெறியைப் பொறுத்தவரை அது வேலை நடக்கும் அறிகுறி.

இந்தக் கதவை மருந்தாலும் அடைக்கலாம். நோய் எதிர்ப்பு அணுக்களே நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோய்க்கு 2010 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கும் ஃபிங்கோலிமோட், லிம்போசைட்டுகளைக் கொல்வதில்லை. வெளியேறும் ஏற்பியைச் செயலிழக்கச் செய்து, அவற்றை முடிச்சுக்குள்ளேயே சிறை வைக்கிறது. நரம்பைத் தாக்கப் புறப்பட வேண்டியவை புறப்படுவதில்லை.

ரத்தத்துக்கு ஒரு வடிகட்டி, குடலுக்கு ஒரு காவல்

கிருமி திசுவில் நுழையாமல் நேராக ரத்தத்தில் கலந்துவிட்டால் நிணநீர் முடிச்சுகளால் பயனில்லை. அதற்கு மண்ணீரல். இடது விலா எலும்புகளுக்கு அடியில், 150 முதல் 200 கிராம் எடையில் இருக்கும் இதற்குள் வரும் நிணநீர்க் குழாய் கிடையாது, ரத்தம்தான் வருகிறது. சிவப்புப் பகுதி, நான்கு மாத ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை எடுத்துப் பிரித்துப்போடுகிறது. அதற்குள் தீவுகளாக இருக்கும் வெண்பகுதி, நிணநீர் முடிச்சின் அதே ஏற்பாட்டைத் தமனியைச் சுற்றி அமைத்துக்கொண்டிருக்கிறது. மண்ணீரல் இல்லாமலும் வாழலாம் என்பது உண்மை. ஆனால் 1952இல் மண்ணீரல் அகற்றப்பட்ட பச்சிளங்குழந்தைகளில் கடும் தொற்றுகள் வந்ததைப் பதிவு செய்த பிறகு, அந்த வாக்கியத்துக்கு ஒரு பின்குறிப்பு சேர்ந்தது. நிமோகாக்கஸ் போலச் சர்க்கரை உறை போர்த்திய பாக்டீரியாக்களை ரத்தத்திலிருந்து வடிகட்ட மண்ணீரலுக்கு இணை இல்லை. அதனால்தான் திட்டமிட்டு அதை அகற்றும்போது, முன்கூட்டியே அந்தக் கிருமிகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.

குடலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நிணநீர் முடிச்சுக்குச் செய்தி வந்து சேரும்வரை காத்திருக்கக் குடலால் முடியாது, அங்கே எப்போதும் கோடானுகோடி பாக்டீரியாக்கள். எனவே சந்தையே வாசலுக்கு வந்துவிட்டது. சிறுகுடல் சுவரில் உறையில்லாத நிணத்திசுத் திட்டுகள் இருக்கின்றன. 1677இல் விவரித்த யோஹான் கான்ராட் பேயர் பெயரால் பேயர் திட்டுகள் என்கிறோம். அவற்றின் மேல் படர்ந்த எம் அணுக்கள் குடலுக்குள் இருப்பதைக் கிள்ளி எடுத்துக் கீழே காத்திருக்கும் டென்ட்ரிடிக் அணுக்களுக்குக் கொடுக்கின்றன. தொண்டை வாசலில் வளையமாக அமைந்த டான்சில்களும், குடல்வாலும் இதே குடும்பம்.

இங்கே உருவாகும் எதிர்ப்பொருள் ஐஜிஏ வகை. உடல் அன்றாடம் தயாரிக்கும் எதிர்ப்பொருளில் மற்ற எல்லா வகைகளையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. அது ரத்தத்தில் தங்காமல் சவ்வின் மேல் கசிந்து, கிருமிகள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. தாய்மைக் காலத்தில் இதில் ஓர் ஆச்சரியமான கிளை பிரிகிறது. குடல் திட்டில் பயிற்சி பெற்ற பி அணுக்கள் சில பால் சுரப்பிக்குப் போய்க் குடியேறி, அங்கிருந்து ஐஜிஏவைத் தாய்ப்பாலில் கலக்கின்றன. தாயின் குடல் சந்தித்த கிருமிகளுக்கான எதிர்ப்பொருள், இன்னும் அவற்றைச் சந்திக்காத குழந்தையின் குடலுக்குப் போய்ச் சேர்கிறது.

சந்தைக்கே வராமல் வீட்டோடு இருக்கும் அணுக்களும் உண்டு. கல்லீரலின் குஃப்பர் அணுக்கள், நுரையீரல் காற்றறைகளின் மேக்ரோஃபேஜ்கள், மூளையின் மைக்ரோகிளியா. மைக்ரோகிளியா எலும்பு மஜ்ஜையில் பிறந்தவை அல்ல. கருவின் தொடக்க நாட்களில் கருவுணவுப் பையிலிருந்து மூளைக்குள் குடியேறியவற்றின் வழித்தோன்றல்கள். டி அணுக்களிலும் ஒரு பிரிவு, ஒரு தொற்றுக்குப் பிறகு சுற்றுவதை விட்டுவிட்டு, அது நடந்த தோலிலோ நுரையீரலிலோ நிலையாகத் தங்கிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் இவை அகப்படா. மூளைக்கு நிணநீர்க் குழாயே இல்லை என்று பாடநூல்கள் சொல்லிவந்ததும் 2015இல் மாறியது. மூளையைப் போர்த்திய சவ்வில் அப்படிப்பட்ட குழாய்கள் ஓடுவதை அமெரிக்காவிலும் ஃபின்லாந்திலும் இரண்டு குழுக்கள் எலிகளில் காட்டின.

இந்த நீர்வழி கிருமிகளுக்கு மட்டுமானது இல்லை. புற்றணுக்களும் இதில் இறங்குகின்றன. 1990களிலிருந்து மார்பகப் புற்றுநோயிலும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் அறுவை மருத்துவர்கள், கட்டிக்கு அருகே நீலச் சாயத்தையோ சிறிதளவு கதிரியக்கப் பொருளையோ செலுத்தி, அது எந்த முடிச்சில் முதலில் போய்ச் சேர்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த முதல் முடிச்சில் புற்றணு இல்லை என்றால், அடுத்தவற்றை வெட்டி எடுக்கும் தேவை பெரும்பாலும் இருக்காது. முன்பெல்லாம் அக்குள் முடிச்சுகளை மொத்தமாக அகற்றிவிடுவார்கள். வடிகால் அறுந்து, பலருக்குக் கை ஆயுள் முழுக்க வீங்கிக் கிடந்தது.

கடைசியாக, நெறியிலேயே ஒரு விதிவிலக்கு. புண்ணோடு வந்து, வலித்து, புண்ணோடு வற்றும் நெறியைப் பற்றிக் கவலை வேண்டாம். வலியில்லாமல், கல்போலக் கெட்டியாக, சில வாரமாகியும் வற்றாமல் பெருகுவதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதிலும் இடது காறையெலும்புக்கு மேலே உள்ள குழியில் ஒன்று தட்டுப்பட்டால் தாமதிக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ, அந்த முடிச்சுக்கு இன்றும் அவர் பெயர்தான். வயிற்றில் தோன்றிய புற்றுநோய் சில வேளை முதலில் அங்கேதான் வெளியே தெரியும். வயிற்று நிணநீர் முழுவதையும் சுமந்து மேலேறும் மார்பு நாளம், சிரையில் கலப்பது அந்த முடிச்சுக்குப் பக்கத்தில்தான்.